பக்கத்து இருக்கைக்கும் ஒரு டிக்கெட்

மெழுகக்காவுக்குப் பேய் பிசாசிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பல் செட் செய்து பிழைக்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அவள் வேலை பார்க்கும் அறையில் மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்க ஊரார் வாய்களின் மாவு அச்சு. முகமில்லாத வாய்கள், நூறாவது இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி அங்கே அரை நாள் தனியாக உட்கார்ந்துவிட்டு, மறுநாள் வரவே இல்லை. மெழுகக்கா பாட்டுக்கு விளக்கடியில் குனிந்து, ரோஸ் நிற மெழுகில் பல் பதித்துக்கொண்டிருப்பாள். விரலில் எந்நேரமும் அந்த மெழுகு ஒட்டியிருப்பதால் பல் டாக்டர்கள் வைத்த பெயர் அது.

அவளுக்கு இருந்த ஒரே கிறுக்கு கச்சேரி. போனால் தங்கச்சியோடுதான் போவாள். தங்கச்சியோ வாயாடி. நல்ல பாட்டு நடக்கும்போது காதைக் கடிப்பாள்: "அக்கா, அந்த ஆளு சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்காரு பாரேன்." மெழுகக்கா திரும்பக்கூட மாட்டாள். உதட்டில் விரலை வைத்து, "சும்மா இருடி" என்பாள். இருபது வருஷமாக இதே கூத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய பாடகர் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். தங்கச்சி பச்சை ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தாள். "அக்கா, என்னமோ பண்ணுது. போலாமா?" என்றாள்.

"சும்மா இருடி. இந்தப் பாட்டு முடியட்டும்."

பாட்டு முடிந்தது. கைதட்டலும் முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள், தங்கச்சி எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர், "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று இழுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பாவி மனுஷன், சொல்லித் தொலைத்திருக்கலாம். மிச்ச வாக்கியத்தை மெழுகக்கா இரண்டு வருஷம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். அந்த இரண்டு வருஷமும் வீட்டில் ரேடியோகூடப் பாடவில்லை.

அப்புறம் ஒருநாள், அடக்க முடியாமல், ஒரு புல்லாங்குழல்காரர் கச்சேரிக்குப் போனாள். டிக்கெட் இரண்டாக வாங்கினாள். யாராவது கேட்டால் பை வைக்க என்பாள். தங்கச்சி இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தர் உட்கார்ந்தால் அவளால் தாங்க முடியாது, அதுதான் உண்மை.

கச்சேரி முடிந்ததும் வாசலில் நின்று புல்லாங்குழல்காரர் எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவள் நீட்டிய காகிதத்தை வாங்கிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்: "கூட வந்தவங்க எங்க? பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாங்களே."

வேறு யாரையோ சொல்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நாலு மாதம் கழித்து வயலின்காரம்மா கச்சேரி, அப்போதும் இரண்டு டிக்கெட். கூட்டத்தில் இவளைக் கண்டுபிடித்து அருகில் வந்து, "அவங்களுக்கு உடம்பு சரியில்லையா? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கவனிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர்கள் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிகிறாள் என்று, அன்றைக்கு மெழுகக்கா தங்கச்சி போனதிலிருந்து பூட்டியே வைத்திருந்த அலமாரியைத் திறந்து, கலைஞர்களின் பிறந்த நாள் முதற்கொண்டு அச்சடித்திருக்கும் கச்சேரித் தாள்களையெல்லாம் மேஜையில் பரப்பினாள். புல்லாங்குழல்காரர் பிறந்தது அக்டோபர். வயலின்காரம்மா அக்டோபர். தங்கச்சியும் அக்டோபர். நம்பாமல், ஏப்ரலில் பிறந்த பியானோக்காரர் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கிப் போய், என் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டும் பார்த்தாள். "உங்க பைதானே இருந்துச்சு" என்றார் அவர், ஒரு மாதிரியாகப் பார்த்தபடி.

வேறு ஒருத்தியாக இருந்தால் மந்திரிக்கப் போயிருப்பாள். இவளுக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், ஆசை அதை முந்திக்கொண்டது. என் மேல் கோபமா இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும். மன்னித்துவிட்டாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால், மிச்ச காலத்தைத் தள்ளிவிடுவாள்.

அக்டோபரில் பிறந்த இன்னொருத்தர், அவளுக்கு உயிரான பாடகியம்மா, அந்த வருஷமே வந்தார். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கே போய்விட்டாள். பாடகியம்மா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, முன் வரிசையில என் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"நல்ல கேள்வி! கூட்டிட்டு வந்தது நீங்க, என்னைக் கேக்குறீங்க."

"பச்சை ஸ்வெட்டரா?"

"ஆமா."

"கோவமா இருந்தாளா?"

பாடகியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "கோவம் எனக்குத்தாம்மா, உங்க மேல. அவங்க பாவம், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உங்க காதுல என்னமோ கெஞ்சுறாங்க. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. உதட்டுல விரலை வெச்சு அதட்டுறீங்க. ஒரு தடவையா ரெண்டு தடவையா? பாட்டையே நிறுத்திடலாமான்னு இருந்துச்சு எனக்கு."

"நானா? நான் அசையவே இல்லையே!"

பாடகியம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த கண்ணாடியைக் கைகாட்டினார். மெழுகக்காவின் உதட்டில், நட்டநடுவில், ரோஸ் நிறத்தில் மெழுகு ஒட்டியிருந்தது.

அவள் அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. தங்கச்சிக்காக டிக்கெட் வாங்குகிறோம் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவளை அதே நிமிஷத்தில் கொண்டுபோய் உட்கார வைத்து, அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறாள். இனிமேல் கச்சேரியே வேண்டாம் என்று தலைமுழுகலாம்தான். ஆனால் அங்கே ஒருத்தி போலாமா, போலாமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எப்படித் தலைமுழுகுவது?

மறுபடி புல்லாங்குழல்காரர் வந்தபோது இரண்டு டிக்கெட்டோடு போனாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கையில் ஒன்றுமில்லை, நிழல்கூட இல்லை. அவளுக்கு ரொம்பப் பிடித்த மெட்டு ஆரம்பித்தது. வலது கையைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டாள். அப்படியும் அந்தக் கை, யாரோ தூக்குகிற மாதிரி, மெல்ல வெளியே வந்து மேலே எழும்பியது. விரல் உதட்டைத் தொடப் போன நேரத்தில் சட்டென்று எழுந்து நின்றாள்.

"எழுந்திருடி, போலாம்" என்றாள், சத்தமாகவே.

பின்னாலிருந்து பத்துப் பேர் "உஷ்" என்றார்கள். ஒருத்தர் சிரித்தார். மேடையில் குழல் நின்றது. புல்லாங்குழல்காரர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார், பிறகு தலையை மெல்ல ஆட்டினார். மெழுகக்கா ஒன்றுமில்லாத இடத்தைக் கையால் அணைத்தபடி, நோயாளியைக் கூட்டிப் போகும் நடையில், அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொரு படியாக வாசலுக்கு வந்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. டாக்சியை நிறுத்திக் கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் தான் ஏறினாள்.

"எங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு. சீக்கிரம் போங்க."

"யாருக்கு என்ன?"

"என் தங்கச்சிக்கு நெஞ்சு வலி."

டிரைவர் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

"பாட்டு கிடக்குது விடுடி" என்று மெழுகக்கா பக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். "நீ பேசு. உனக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லு."