வெள்ளிக்கிழமைக் கச்சான்

வைகாசியில் எங்கள் கடல் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். மாரி முழுக்க வேலி வரைக்கும் வந்து மிரட்டிவிட்டுப் போன அதே கடல், அந்த மாதத்தில் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடக்கும். கீரி மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். சாய்ந்தமருதில் காலைச் சாப்பாட்டுக்கே மீன் பொரிக்கும் காலம் அது.

ஒரே ஒரு வில்லங்கம், கச்சான். தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. கரையில் நிற்பவருக்கு அலை ஒன்றும் தெரியாது. ஆகா, என்ன அமைதி என்று சொல்லத் தோன்றும். வெளியே போன தோணிக்காரருக்குத்தான் தெரியும், அந்தக் காற்று அவரை வீட்டுக்கு விடாது என்று. துடுப்பு வலித்து ஒரு முழம் வந்தால் இரண்டு முழம் பின்னால் தள்ளும். வைகாசியில் எந்த நாள் முதல் கச்சான் எழும்பும் என்பதை எந்தக் கெட்டிக்காரராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும் வரை எங்கள் கரையில் ஒரு தோணியும் தண்ணீரில் இறங்காது. பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார்மார் கூடி வைத்த கட்டு. மீறினவரின் தோணி ஏழு நாள் கரையில் கிடக்கும். அதைவிட, ஊர் பார்க்கிற பார்வை ஏழு நாளில் முடியாது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், எண்பதுகளின் தொடக்கம், கீரி எல்லாருடைய வலையிலும் பட்டது, எங்கள் வாப்பாவின் வலையைத் தவிர. வாப்பா ரோசக்காரர். வியாழன் பின்னேரம் தனியாகக் கரையில் நின்றவர், தூரத்தில் கீரிக் கூட்டத்தால் தண்ணீர் கறுத்து அசைவதைக் கண்டிருக்கிறார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்து உம்மாவிடம், கீரிக்கு வெள்ளியும் தெரியாது சனியும் தெரியாது என்றார். உம்மா எவ்வளவோ மறித்துப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்?

ஊர் ஆண்கள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளியில் நிற்கும் நேரத்தில் தோணியைத் தள்ளுவது, சனம் குளிக்கப் போய்க் கரை வெறிக்கும் பதினொரு மணிக்குத் திரும்பிக் குளித்து முழுகி ஜும்ஆவுக்கு முதல் வரிசையில் நிற்பது, இதுதான் அவருடைய திட்டம். வைகாசி வெயிலில் மரம் வெடிக்காமலிருக்கத் தோணிகளைத் தென்னோலைக் கிடுகால் மூடி வைப்பார்கள். வாப்பா இரண்டு தென்னங்குற்றிகளைப் போட்டு அவற்றின்மேல் கிடுகை மூடிவிட்டார். பார்த்தால் தோணி தூங்குகிற மாதிரியே இருந்தது.

புறப்படும்போது நான் விழித்திருப்பதைக் கண்டு அவர் முகம் மாறியது. காரணம் இருந்தது. உம்மாவின் தங்கை, என் சாச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அவள் போட்டிருக்கிற காப்பு அடுத்த வீட்டு இரவல் என்று சொன்னவள் நான்.

“இவள்ட வாய்க்குள்ள ஒண்டும் நிக்காது. வேலிக்கு அங்கால விட்டுராத” என்றார் உம்மாவிடம். பிறகு உம்மாவிடமும் சத்தியம் கேட்டார். என்ன நடந்தாலும் சரி, தான் கடலுக்குப் போன கதை அவள் வாயிலிருந்து வரக்கூடாது.

“வல்லாஹி, நான் வாய் திறக்க மாட்டன்” என்று உம்மா சொன்னாள்.

பத்து மணியளவில் முற்றத்துத் தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. கடல் பக்கமாக. அறை வாசலில் நின்ற எனக்கே நெருப்புக்கு முன்னால் நிற்பது போல உடம்பு சுட்டது. உம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து ஓலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. அவள் திரும்பவே இல்லை.

அடுத்த வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டி, உன் புருஷன் இன்னும் குளிக்கப் போகவில்லையா என்று விசாரித்தாள். காய்ச்சல், படுத்திருக்கிறார் என்று உம்மா சொல்லிவிட்டாள். ராத்தாவின் காதுக்குப் போனது ஊர் முழுக்கப் போன மாதிரித்தான். ஆக, கடலில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் ஊருக்குள் போர்வை போர்த்திப் படுத்திருந்தார். படுத்திருப்பவரைத் தேடி யார் தோணி அனுப்புவார்கள்?

 கச்சான் இழுத்துப் போனால் பர்மாவில்தான் கரை தட்டும் என்று பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். பர்மாவில் வாப்பாவுக்கு யார் சோறு கொடுப்பார்கள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. “உம்மா, சொல்லுவமா?” என்று கேட்டேன். அவள் என் வாயைப் பொத்தினாள். அந்த வெக்கையிலும் அவள் கை குளிர்ந்திருந்தது.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னது. கரையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. உம்மா வேலிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். என்னை மட்டும் அறைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

தொழுகை முடிந்து சனம் கலையும் நேரம் எங்கள் வேலிப் படலையடியில் யாரோ செருமினார்கள். பெரிய மரைக்கார். காய்ச்சல்காரருக்கென்று ஓதிய தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தார். வாப்பாவைத் தண்டிக்க வேண்டிய மனிதர், அவருக்காகத் துஆக் கேட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தரம் கடல் பக்கம் பார்த்தாள். ஆட்கள் வந்தால் என்னைப் பிடித்து உள்ளே இழுக்கிறவள், அன்றைக்கு என் முக்காட்டைச் சரிசெய்து, “போ மகள். நீயே போய் அந்தப் போத்தல வாங்கிட்டு வா” என்றாள். நான் முற்றத்தில் இறங்கியதும் கதவு சாத்தப்படுவது கேட்டது.

மரைக்கார் போத்தலை நீட்டி, “வாப்பாக்கு இப்ப எப்படி மகள்?” என்று கேட்டார்.

“வாப்பா கடல்ல. சுபஹோட போன. இன்னும் வரல்ல.”

 அவர் போத்தலை மணலில் வைத்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், கரையைப் பார்த்து ஓடினார். மரைக்கார் ஒருவர் ஓடுவதை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. சற்று நேரத்தில் இரண்டு இயந்திரப் படகுகள் புறப்பட்ட சத்தம் கேட்டது. உம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து கரையில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்கள். வாப்பாவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. வலை நிறையக் கீரி பட்டதாம். பாரம் தாங்காமல் வலையையும் மீனையும் சேர்த்து அறுத்து விட்டிருக்கிறார். காய்ச்சலுக்கென்று ஓதிய தண்ணீரை அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

கட்டு கட்டுத்தான். எங்கள் தோணி ஏழு நாள் கரையில் கிடந்தது. யார் சொன்னது என்று வாப்பா கேட்டபோது உம்மா என்னைக் காட்டினாள். ஓட்டை வாய், குடும்ப மானத்தைக் கப்பலேற்றினவள் என்று அவருக்குக் கேட்கும்படி நன்றாக ஏசினாள். வாப்பா அந்த ஏழு நாளும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் ஒவ்வொரு தொழுகையிலும், யா அல்லாஹ், என் வாயைத் தைத்துவிடு என்று கேட்டேன். காலையிலிருந்து அறையைவிட்டு இறங்க விடாதவள், அந்த நேரம் மட்டும் ஏன் என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள் என்று யோசிக்கும் புத்தி அப்போது எனக்கு இருக்கவில்லை.

மறுநாள் பகல் உம்மா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். பிசையும்போது அடியில் ஒரு பொரித்த முட்டை தட்டுப்பட்டது. வீட்டில் அன்றைக்கு இருந்ததே ஒரு முட்டைதான். வாப்பாவின் சோற்றுக் கோப்பைக்குப் போக வேண்டியதை உம்மா மாறி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கண்டுபிடித்துப் பறித்துவிடுவாளே என்ற பயத்தில் தலையைத் தூக்காமல் அவசர அவசரமாக விழுங்கினேன்.