டயர்க்கடை மாடியில் ஒரு ஜெபம்

எங்கள் லுகோவ்ஸ்க் ஊரில் ஃப்ரீடா பெத்ரோவ்னாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உளவாளி என்பார்கள், புனிதவதி என்பார்கள். இரண்டுமில்லை. என் கட்டடத்தின் மாடியில் வருடக்கணக்காக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஊரில் கிடையாது.

அந்தக் கட்டடம் நான் எழுப்பியது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, சரக்கு ரயிலில் மூட்டை இறக்கி, பழைய டயருக்கு ஒட்டுப்போட்டு மேலே வந்தவன் நான். கீழே கடை, மேலே கூடம். வோல்கா நதியின் இந்தக் கரையில் என் ஜாக்கி தூக்காத லாரி இல்லை.

அவள் கனடாவிலிருந்து வந்தாள். அவளுடைய முன்னோர்கள் ஒரு காலத்தில் எங்கள் புல்வெளியில் கோதுமை விதைத்த ஜெர்மன்காரர்கள். அவர்கள் தப்பிப் போன ஊருக்கு இவள் இரண்டு பெட்டியோடு தானாக வந்து இறங்கினாள். எங்கள் ஊர் பாப்டிஸ்ட் ஜெபவீட்டார்தான் அழைத்திருந்தார்கள். சம்பளமில்லை, ஊழியம். அப்பா பெயர் பீட்டர் என்று சொன்னதும், அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடும் எங்கள் வழக்கப்படி அவளைப் பெத்ரோவ்னா ஆக்கியது நான்தான். என் மனைவி உஸ்தீன்யா அவளுக்கு முட்டைக்கோஸ் ஊறப்போடக் கற்றுக்கொடுத்தாள். மறு குளிர்காலத்தில் பெத்ரோவ்னாவின் ஜாடிதான் ருசியாக இருந்தது. உஸ்தீன்யா அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு சட்டம் கடுமையானது. வெளிநாட்டுக்காரர் மதம் பேசவேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். அவளிடம் இருந்தது மொழி கற்பிக்கும் அனுமதி மட்டும். அவளும் கோடு தாண்டவில்லை. ஞாயிறன்று ஜெபவீட்டில் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். என் மாடியில் ஒரு பைபிள்கூடக் கிடையாது. தேநீருக்கு முன் கண்ணை மூடுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"கெட்டில் கொதிக்கிற சத்தத்துல உள்ளுக்குள்ள சொல்லிக்குவேன். அதுக்கும் அனுமதி வேணுமா?" என்று சிரிப்பாள்.

அந்த வசந்தத்தில் வகுப்புக்கு வரும் ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருவருக்கு வேலை மாற்றம். கடைத்தெருவில் என்னைக் கண்டால் முட்டை விலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். எதிர்த்த வேலியோரம் ஒரு சாம்பல்நிறக் கார், எஞ்சினை அணைக்காமல் நிற்கும். அப்போதுதான் வித்தாலி வந்தான்.

முப்பது வயதிருக்கும். சாந்தமான முகம். என் மாடிக்கு வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றி, கூடையிலிருக்கும் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். இவன் பையிலிருந்து ஆஸ்பத்திரியில் மாட்டுகிற நீல பிளாஸ்டிக் உறையை எடுத்து பூட்ஸின் மேலேயே இழுத்துவிட்டான்.

"எங்ககிட்ட செருப்பு இருக்கே தம்பி," என்றாள் உஸ்தீன்யா.

"வேண்டாம்மா. இதுவே பழகிப்போச்சு."

"ஆஸ்பத்திரியில வேலையா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

அவ்வளவுதான். கோட்டைக் கழற்றவில்லை, தேநீரைத் தொடவில்லை. அன்றைக்கே பெத்ரோவ்னாவிடம் சொன்னேன்.

"அவன் படிக்க வந்தவன் இல்ல. சீட்டாட்டத்துல இப்படி ஒருத்தன் வந்து உக்காந்தா நான் எழுந்து போயிடுவேன்."

"நீங்களா? மேசையையும் சேர்த்துத் தூக்கிட்டுல்ல போவீங்க, சவேலி கொந்த்ராத்திச்!"

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம். வகுப்பு முடிந்து நாலைந்து பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வித்தாலி தன் செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"ஃப்ரீடா பெத்ரோவ்னா, எங்கம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். எனக்காக ஒரு ஜெபம் பண்ணுவீங்களா? இங்கயே."

கரண்டிச் சத்தம் நின்றது.

"ஜெபவீட்டுக்குப் போ தம்பி," என்றேன். "அங்க போதகர் இருக்கார். தொண்டையும் பெருசு, ஜெபமும் பெருசு."

"எனக்கு இவங்க பண்ணணும்."

பெத்ரோவ்னாவின் முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்தேன்.

"பொறி வைக்கிறான். உனக்குப் புரியலையா?"

"புரியுது."

"அப்புறம் என்ன யோசனை?"

"அம்மா நிஜமாவே படுத்திருந்தா?"

"படுக்கலேன்னா? உன்னை மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க! உன் வீடு, உன் வேலை, எல்லாம் இங்கதான இருக்கு!"

அவள் முகம் வெளுத்திருந்தது. வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பயந்திருந்தாள்.

"ஒருத்தன் வந்து ஜெபம் பண்ணுன்னு கேக்கறான். மாட்டேன்னு சொல்லிட்டு இங்கயே இருந்தா, நான் இங்க இருந்து என்ன பிரயோஜனம்?"

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. என் கூடப்பிறந்தவன் கேட்டிருந்தாலும் அன்றைக்கு மாட்டேன் என்றிருப்பேன். இப்படி ஒரு தப்பை அந்த ஜெபவீட்டு ஜனங்கள்தான் செய்வார்கள்.

அவள் உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா பேர் என்ன?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினான்.

"அலெவ்தீனா."

எங்கள் மொழியில், அவளுடைய கோணல் உச்சரிப்பில், ஜெபம் ஆரம்பமானது. மருத்துவரின் கைக்காக வேண்டினாள், அந்தம்மாவின் தூக்கத்துக்காக வேண்டினாள். பாதியிலேயே படிக்கட்டில் காலடி கேட்டது. இரண்டு பேர் சேற்றுப் பூட்ஸோடு வந்து வாசலில் நின்றார்கள்.

"முடிச்சுக்குங்க," என்றான் ஒருவன், மிகவும் மரியாதையாக. "நாங்க நிக்கிறோம்."

அவள் ஒரு வார்த்தையும் குறைக்காமல் ஆமென் வரைக்கும் போனாள்.

வழக்குக்கு ஊரிலேயே சிறந்த வக்கீலை நான்தான் பிடித்தேன். அவர் வழி சொன்னார்: அது வெறும் பேச்சுப் பயிற்சி, நோயாளியின் மகனுக்கு ஆறுதல் சொல்வது எப்படி என்ற பாடம். சாட்சிக்கு நானும் தயார். நீதிபதியம்மாவும் கெட்டவர் இல்லை, தானாகவே வழி விட்டார்.

"அது ஒரு மொழிப் பயிற்சிதானே?"

வக்கீல் தலையை ஆட்டி ஜாடை காட்டினார். நான் இருமினேன். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"இல்லீங்க," என்றாள் பெத்ரோவ்னா. "ஜெபம்தான்."

வக்கீல் பையை மூடினார். அபராதம், நாட்டைவிட்டு வெளியேற்றம், பல வருடம் திரும்ப வரக்கூடாது.

வெளித் தாழ்வாரத்தில் வித்தாலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் இழுக்க இழுக்க அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"அலெவ்தீனாம்மா எப்படி இருக்காங்க?"

அவன் காது சிவந்தது. ஆபரேஷன் கதையே பொய்யென்று தெரிந்தும் ஏன் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சல். அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"இன்னும் கண்ணு முழிக்கல."

பொறியில் வைத்தது சொந்த அம்மாவையேதான். பெத்ரோவ்னா அவன் தோளில் கை வைத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போய்ப் பாருங்க. நான் ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுக் கேப்பேன்."

அவள் போன மறுநாளே போனேன். நான் வாக்குத் தவறியதாக இந்த ஊரில் எவனும் சொன்னதில்லை. விசாரித்துப் போய்ச் சேர்ந்த அறையில் ஒரே கட்டில், அதுவும் காலி. நர்ஸ் ஒருத்தி விரிப்பை உருவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அலெவ்தீனாங்கிற அம்மா?"

"நீங்க சொந்தக்காரரா?"

"இல்ல."

"அப்ப சொல்லக் கூடாது," என்று விரிப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாளைக்கு ஞாயிறு. போலீஸ், வரி அதிகாரி, பெண்டாட்டி என்று எத்தனையோ பேரிடம் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். அவளிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.