ஐந்து ஒட்டு

கரியாலூர் சேவியர்ராஜ் மின்வாரிய வயர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், மகள் செலினாவுக்கு பெங்களூரில் குழந்தை பிறந்தது. “மூணு மாசம் பாத்துக்கினு வந்துடறேங்க” என்று போன மனைவி அமுதா, ஆறு வருடமாகியும் வந்தபாடில்லை. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பேரன் ஆல்பினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சேவியர்ராஜும் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தார். எட்டாவது மாடியில் மூச்சு முட்டியது. ஊருக்குத் திரும்பித் தானே பொங்கித் தானே தின்றார். அமுதாவைப் பார்க்கத் தோன்றினால் பஸ் ஏறுவார்.

கிணற்றடியில் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம் நின்றது. அமுதா கொட்டை போட்டு முளைக்க வைத்தது. பூவென்னவோ கொட்டிக் கிடக்கும். காய் நாலைந்துக்கு மேல் நிற்காது. அவள் போன மறு பொங்கலுக்கு, ஏற்காட்டு நாற்றுப்பண்ணை ஒன்றில் வேலை செய்யும் இருசப்பன் ஊருக்கு வந்தபோது அதைப் பார்த்தான்.

“மரத்து மேல குத்தம் இல்லீங்க. இதும் பூவு காலையில பொண்ணாத் தொறந்து மூடிக்கும். மறுநா சாயந்திரம் ஆணாத் தொறக்கும். மாத்தித் தொறக்கற ஜாதி ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் காய் ஜாஸ்தி புடிக்கும். ஒரு கிளையில ஒட்டு கட்டிப் பாருங்களேன்.”

முதல் வருடம் இவராகவே இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டினார். கம்பியைப் பிணைத்துப் பழகிய கை. அத்தனை குச்சியும் கருகிப்போனது. அடுத்த வருடம் இருசப்பனே கூட நின்று காட்டினான். கிளையை அறுத்து, நடுவே பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய குச்சியைத் தோலோடு தோல் பொருந்தச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, மேலே பால் ஐஸ் கவரை மாட்டிவிட்டான். இருபத்திரண்டாம் நாள் கவருக்குள் ஒரு மொட்டு பச்சை காட்டியது.

சேவியர்ராஜ் உடனே போன் செய்தார்.

“அமுதா, ஒட்டு புடிச்சிக்கிச்சு!”

“புள்ளைக்கு சோறு ஊட்டிக்கினு இருக்கேங்க. அப்பறம் பேசட்டா?”

அதற்குப் பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. சொரசொரத் தோல் ஹாஸ், கழுத்து நீண்ட ஃபுயர்டே, பெயர் தெரியாத மூன்று என்று ஐந்து ஜாதி ஏறின. ஆறாவது வருடம் கிளைக்கு முட்டுக்கொம்பு கொடுக்க வேண்டிய அளவுக்குக் காய். கறுப்பும் பச்சையுமாகத் தொங்கின. ஒருத்தர் எத்தனை தின்ன முடியும்? பக்கத்து வீட்டுத் தைலம்மாளுக்குக் கொடுத்தார். “இன்னாங்க இது, உப்பும் இல்ல, புளிப்பும் இல்ல” என்று மறுநாள் திருப்பித் தந்துவிட்டாள்.

காலாண்டு லீவுக்கு அமுதா பேரனோடு ஐந்து நாள் வந்தாள். பையை இறக்கியதும் நேரே கிணற்றடிக்குப் போனாள். மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இதுல நான் போட்ட மரத்துக் காய் எதுங்க?”

அதில் ஒன்றுகூட இல்லை. மிச்சமிருந்த கடைசிக் கிளையையும் போன வருடம்தான் அறுத்து ஒட்டு கட்டியிருந்தார்.

“அடிமரம் உன்துதானே” என்றார்.

“அடிமரத்துல காய் தொங்குமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு உள்ளே போய் அரிசி களைந்தாள். ஐந்தாம் நாள் இரண்டு பை நிறையப் பழத்தோடு அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வீட்டில் அவள் காயப்போட்ட துண்டு ஒன்று கொடியிலேயே கிடந்தது. இரண்டு நாள் அதை எடுக்கவில்லை.

ஒட்டுக்குக் கீழே அடிமரத்தில் துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். விட்டால் ஒட்டின் சத்தை அது இழுத்துக்கொள்ளும் என்பது இருசப்பன் பாடம். வாரம் தவறாமல் கிள்ளிக்கொண்டிருந்தவர், அந்த வாரம் கிழக்குப் பக்கத்துத் துளிர் ஒன்றை விட்டுவிட்டார். அது முழ நீளம் வளர்ந்தபின், “உன் மரத்துத் துளிரு ஒண்ண உட்டு வெச்சிருக்கேன்” என்று போனில் சொன்னார்.

“காய்க்க எத்தினி வருசம் ஆவும்?” என்று கேட்டாள் அமுதா.

“மூணோ நாலோ.”

“அதுக்குள்ள ஆல்பின் பெரிய கிளாஸுக்குப் போயிடுவான். வந்துடுவேங்க” என்றாள்.

சரி என்றார். மூன்று மாதம் என்று போனவள்தான். கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்து ஊற்றிவிட்டு, ஒருவருக்கு அளவாக அரிசி எடுக்க உள்ளே போனார்.