மூடிய பெட்டியின் மேல் ஒரு கோடிச் சேலை

அம்மாவை மண்ணுக்குக் கொடுத்து ஓராண்டு ஆகிறது. ஆறுதல் வசனங்களை எல்லாம் படித்துப் பார்த்தேன். அழுகை நின்றபாடில்லை.

அம்மா பிறந்தது மயிலாடும்பாறையில், இந்து விவசாயக் குடும்பத்தில். தேனிக்குத் தையல் பழக வந்த இடத்தில் வேதத்தைப் படித்து, யாரும் வற்புறுத்தாமல், தாமாகவே ஞானஸ்நானம் பெற்றார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த அப்பாவை மணந்தது அதற்குப் பிறகுதான்.

அம்மாவின் அண்ணனான பெரிய மாமா, ஞானஸ்நானம் பெற்ற அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். "எங்களக் கேக்காம சாமிய மாத்துனவளுக்குப் பிறந்த வீடு எதுக்கு?" என்றாராம். அம்மா தம் முடிவிலிருந்து அசையவில்லை. ஒன்று மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடி எனும் புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். "எனக்கு அது வராதுல்ல?" என்று அடிக்கடி கேட்பார்.

அப்பா காலமான பின், நெதர்லாந்தில் என் வீட்டில் சில மாதங்கள் தங்கினார். சக்கர நாற்காலிக்காரரை ஏற்றிக்கொள்ளப் பேருந்தே பொறுமையாக நின்றதைப் பார்த்து, "இந்த ஊர்க்காரக கோயிலுக்குப் போகாட்டியும் வேதத்த மறக்கல பாரு" என்று மகிழ்ந்தார். பிறகு எதிர்வீட்டு மூதாட்டி இறந்தார். அடக்கத்துக்கு நான்கே பேர் வந்தார்கள்.

"ஆண்டவர் முன்னாடி ஒவ்வொருத்தரும் தனியாத்தான் நிக்கணும். அத நல்லாப் பிடிச்சுக்கிட்டாக. ஒருத்தர் பாரத்த ஒருத்தர் சுமக்கணும்னும் வேதத்துல இருக்கே ஆத்தா, அத எங்கன விட்டாக?" என்றார். பிறகு, "என் பிறந்த வீட்ல சுமக்கத் தெரியும். தனியா நிக்கத்தான் விடமாட்டாக" என்று சொல்லி அழுதார்.

ஊர் திரும்பி நோயில் விழுந்து, தேனி மருத்துவமனையில் அம்மா கண்மூடியதும் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினோம். பதில் இல்லை. ஆலயத்தில் நெடுநேரம் காத்திருந்துவிட்டுப் பெட்டியை மூடினோம்.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்கருகே பெட்டியை இறக்கியபோது, துணிப்பையோடு மாமா வந்து நின்றார்.

"பெட்டியத் திறக்கவா?" என்று போதகர் கேட்டார்.

"வேணாம்யா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளப் பாப்பேன்?"

பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்துப் பெட்டியின் மேல் விரித்தார். "முடிவு அவளுது. கோடி எங்களுது" என்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நோயில் உடனிருந்து பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், பெட்டியைச் சுமந்த சபை மக்களுக்கும், போடி கடைவீதி நண்பர்களுக்கும் என் நன்றி.

பெரிய மாமா, உங்களுக்கும் நன்றி. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்.