சந்தனப் பொட்டு வைத்த துப்பாக்கி

அக்கா வீட்டு ஆயுத பூஜையில், தையல் இயந்திரத்துக்கும் டீச்சரான நான் கொண்டுபோன பாடப் புத்தகங்களுக்கும் நடுவில், வாழையிலை மேல் அத்தானின் கைத்துப்பாக்கி இருந்தது. அதன் முதுகில் மூன்று சந்தனப் பொட்டு, குங்குமம். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றித் தனியாக வைத்து, அதற்கும் ஒரு செவ்வந்திப் பூ. அக்காள் கணவர் போர்ட் பிளேரில் சப்-இன்ஸ்பெக்டர். மறுநாள் ஹட் பே தீவுக்குப் போகும் கப்பலில் அவருக்கு டூட்டி இருந்ததால் அது வீட்டுக்கு வந்திருந்தது. எட்டு மாதக் கைக்குழந்தையோடு எங்கள் ஊர் பெரார்கஞ்சிலிருந்து போயிருந்த நான், அந்த அறையில் சுவரோரமாகவே நடந்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பாம்பு வந்தால் கம்பெடுத்து விரட்டிவிடுவேன். துப்பாக்கி இருக்கும் இடத்தில் எனக்குச் சோறு இறங்காது.

அத்தான் அலட்சியக்காரர் அல்ல. கேஸ் சிலிண்டரை மூடினாயா என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்பவர். அன்று ராகு காலம் வருவதற்குள் படைக்க வேண்டுமென்று அக்கா பறந்தாள். மேகசினைக் கழற்றினாலும், ஏற்கெனவே குழலுக்குள் ஏறிவிட்ட தோட்டா உள்ளேயேதான் இருக்கும். அது அவருக்குத் தெரியாததா? தெரிந்தும், அந்த அவசரத்தில் துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க மறந்துவிட்டார். "உள்ள ஒண்ணும் இல்லியே அத்தான்?" என்று சாப்பிடும்போது கேட்டேன். "மேகசினே வெளிய கெடக்கு, பாக்கலியா?" என்றார். எடுத்து ஒரு தடவை பாருங்களேன் என்றதற்கு அக்கா முறைத்தாள். "சாமிக்கு வச்சத நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாது. வாய வச்சிக்கிட்டு சும்மா இரு."

மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடிந்ததும் அத்தான் அதைக் கையில் எடுத்தார். எனக்கு விட்டுவிடத் தெரியவில்லை. "காலிதான்னு காட்டிட்டு இடுப்புல வைங்க அத்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, எங்கள் யார் பக்கமும் திருப்பாமல் ஆளில்லாத சுவரைப் பார்த்துப் பிடித்து, "இந்தா, பாத்துக்க" என்று விசையை இழுத்தார்.

அந்த மரைன் ஹில் போலீஸ் குவார்ட்டர்ஸில் சுவரெல்லாம் பலகைதான். அதற்கு அந்தப் பக்கம் கட்டிலில் என் மகள் படுத்திருந்தாள்.

காது அடைத்துவிட்டது. குழந்தை அழும் சத்தம் வரவில்லை. அழுதுவிடு, அழுதுவிடு என்று காத்திருந்தேன். பெற்றவள் நான். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அக்காதான் ஓடினாள். "இருக்காடி, முழிச்சிட்டுதான் இருக்கா" என்று அவள் கத்திய பிறகே எழுந்தேன். தோட்டா குழந்தைக்கு ஒரு சாண் மேலே போய், வெளிப் பலகையையும் துளைத்து, பின்னாலிருந்த மலைச்சரிவு மண்ணில் புதைந்திருந்தது. துளை வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. என் மகள் அதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா வேலியருகே வந்து, "க்யா ஃபட்டா, தீதி?" என்று, என்ன வெடித்தது என இந்தியில் கேட்டாள். "குக்கர், குக்கர்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்த அக்கா அத்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, வெளிய தெரிய வேணாம். வேலை போயிடும்." அவர் துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. பிறகு யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, பொட்டைக்கூட அழிக்காமல் அதைக் கொண்டுபோய் மேலதிகாரி முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னார். எழுதிக் கொடுத்ததில், காட்டச் சொன்னது நான் என்பதை மட்டும் விட்டுவிட்டார். சஸ்பெண்ட் ஆனார், பிறகு மேசை வேலை. பதவி உயர்வு வரவே இல்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

என் மகளுக்கு இப்போது பதினாறு வயது. ஓய்வு பெற்ற அத்தான் பெரார்கஞ்சிலேயே எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். உறவுப் பிள்ளைகளையெல்லாம் தோளில் சுமந்தவர், இவளை ஒரு நாளும் தூக்கியதில்லை. இவள் கிட்டே வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். போன வாரம் கொழுக்கட்டை கொண்டுபோனவளிடம், "கீழ வச்சிட்டுப் போம்மா" என்றாராம். திரும்பி வந்தவள் கேட்டாள்: "பெரியப்பாவுக்கு என் மேல என்னம்மா கோவம்?"

"கோவம் இல்லடி. பயம்."

பிறகு அவளை உட்கார வைத்து, காட்டச் சொன்னது நான்தான் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"அப்போ இத்தன வருஷமும் அவர் ஒத்தையிலயே பயந்துக்கிட்டு இருந்தாரா? நீ ஒரு வார்த்த சொல்லலியா?"

அவள் செருப்புகூடப் போடாமல் போனாள். வேலி வழியே பார்த்தேன். அத்தான் முன்னால் போய் நின்றாள். அவர் கைகள் பின்னால்தான் இருந்தன. அவள் நகரவில்லை.