மேம்பாடு என்றால் மேலே போவது

அக்டோபர் இரண்டு, காலை ஐந்தரை மணி. விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். செங்கல்பட்டு வரை சுமார் நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேலே. இந்த வண்டியில் என் எதிரே உட்கார்ந்தவர் தப்புவது கடினம். அன்று மாட்டியவர் ஒரு பூ வியாபாரி. எந்த நாட்டு அதிபர் எந்த நாட்டுச் சரக்குக்கு வரி போட்டால் யாருக்கு வலிக்கும் என்று திண்டிவனத்திலிருந்து அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். மதுராந்தகத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர், மேல்மருவத்தூரிலேயே இறங்கிவிட்டார். சாமி கும்பிடப் போகிறார் என்று அப்போது நினைத்தேன்.

செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்குப் பேருந்து. இருபத்தெட்டு ரூபாய், ஒரு மணி நேரம். ஒன்பதேகாலுக்கு இறங்கி, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் இட்லியில் இரண்டு துண்டு தின்றுவிட்டு, வரதராஜர் கோயில் மண்டபத்துத் தூண்களை எண்ணத் தொடங்கினேன். முப்பத்தாறில் கணக்கு தவறிப்போனது. மறுபடி தொடங்கும் அளவுக்குப் பக்தி இல்லை.

பத்தரை மணி. அடுத்த திட்டம் திருப்பருத்திக்குன்றம். அங்குள்ள சமணக் கோயிலின் விதான ஓவியங்களை அண்ணாந்து பார்க்க வேண்டுமென்பது பல வருட ஆசை. ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசி நூற்றெண்பதுக்குக் கொண்டுவந்து, வென்ற முகத்தோடு ஏறி உட்கார்ந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"சார், கொறச்ச இருவது ரூபாக்கு எனக்கு ஒரு பத்து நிமிஷம் குடுங்க. எங்க ஊர்ல இன்னிக்கு கிராம சபை. போவலன்னா தலைவரு கோச்சுக்குவாரு. ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

பெயர் ஏகாம்பரம். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் மனைவி பட்டு நெய்கிறார், இவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஊராட்சித் தலைவர்தான் இவருக்கு ஆட்டோ ஸ்டாண்டில் இடம் பிடித்துக் கொடுத்தவராம். ஊர் முசரவாக்கம் பக்கத்தில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. காஞ்சிபுரத்து வரைபடம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். அது நான் போக வேண்டிய வழியே இல்லை.

பதினொரு மணி. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. எழுபது எண்பது பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பின்னாலேயே ஒரு நீள நோட்டு கை மாறிக் கை மாறி வந்தது. எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். பெயர், ஊர், கையெழுத்து. நான் மரியாதை தெரிந்தவன். பக்கத்திலேயே, "அருமையான ஏற்பாடு" என்றும் எழுதினேன். பிஸ்கட் நன்றாக இருந்தது.

ஊராட்சிச் செயலர் தீர்மானங்களைப் படிக்கத் தொடங்கினார். குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று மளமளவென்று போனது. "தீர்மானம் எண் நான்கு. நெசவாளர் தெரு, சாலை மேம்பாட்டுப் பணி. சபை ஏகமனதாக ஏற்கிறது." கைதட்டினார்கள். மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டால் என் கை தானாகத் தட்டும், தட்டியது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் மடித்த தாள். என் பக்கத்தில் ஏகாம்பரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"போச்சு சார். நம்ம ஊட்டுக்காரம்மா."

"தலைவரண்ணே, ஒரு சந்தேகம்," என்றார் அந்த அம்மா.

"சொல்லும்மா கற்பகம். ரோடு வேணாங்கிறியா?"

"வேணும். ஆபீசு செவுத்துல ஒட்டினத போன வாரமே படிச்சு எழுதிக்கினு வந்தேன். மேம்பாடுன்னு போட்டுக்கீது. இருக்கிற ரோட்ட பேத்துட்டுப் போடறதா, அது மேலயே போடறதா?"

"மேம்பாடுன்னா மேம்பாடுதாம்மா. நல்லா போடறது."

"போன தபாவும் நல்லாதான் போட்டீங்க. முக்கா அடி ஏறிச்சு. மழ பேஞ்சா தெருத் தண்ணி படியெறங்கி வந்து எங்க தறிக்குழில உக்காந்துக்கினு இருக்குது. ரோடு மேல போச்சு, ஊடு கீழ போச்சு. எனக்குத் தெரிஞ்ச மேம்பாடு அதான்."

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏகாம்பரம், ஊட்ல உனக்குப் பேச சான்ஸ் கெடைக்குதாபா?" என்றார்.

"ஞாயித்துக்கெழம கெடைக்கும்," என்றார் ஏகாம்பரம். "அன்னிக்கு பேப்பரு தடியா வரும். இவ படிச்சிக்கினு இருப்பா."

தலைவர் கோபப்படவில்லை. "எல்லாரும் கையெழுத்து போட்டாச்சேம்மா. நோட்ட பாரு," என்றார்.

"அதத்தான் பாக்கப் போறேன்." கற்பகம் நோட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். "தீர்மானத்த இப்பதான் படிக்கிறீங்க. கையெழுத்து அதுக்கு முன்னாடியே கீது. இது யாரு? விழுப்புரம்னு போட்டு, 'அருமையான ஏற்பாடு'ன்னு எழுதிக்கீறாரு?"

ஏகாம்பரத்தின் விரல் என்னைக் காட்டியது. எழுந்து நின்றேன்.

"விசிட்டர்ஸ் நோட்டுன்னு நெனச்சேம்மா."

"மேல எழுதிக்கீறத படிக்கலியா சார்?"

"இல்ல."

"உங்கள குத்தம் சொல்லல. உங்களுக்கு முன்னாடி நாப்பத்தேழு பேரு படிக்காமதான் போட்டுக்கீறாங்க. எங்க ஊட்டுக்காரரு நாப்பத்தேழாவது. நீங்களாவது கருத்து எழுதுனீங்க."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கிய பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. இரண்டு மூன்று பேர் எழுந்துபோய் நோட்டில் தங்கள் பெயருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஒருவர் தீர்மானத்தை மறுபடி, நிதானமாகப் படிக்கச் சொன்னார். என் மூடத்தனம் ஒரு பொதுக்காரியத்துக்குப் பயன்பட்டது வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

செயலர் நேர்மையாகவே சொன்னார். "பழைய சாலையைப் பெயர்த்து எடுத்த பிறகுன்னு ஒரு வரி சேர்க்கலாம். ஆனா மதிப்பீட்ட மாத்தி அனுப்பணும். தள்ளிப் போகும்."

"தள்ளிப் போயி ரோடே வராங்காட்டி?" என்றார் பால் வண்டி வைத்திருக்கும் ஒருவர். "இப்பவே என் வண்டி குழில எறங்கி எறங்கி பாலு தயிராவுது."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கற்பகத்தின் முகம் முதன்முறையாக வாடியது. "வராம போவலாம்," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இப்பிடியே வந்துச்சுன்னா இந்த மழைக்கு என் தறி நின்னுடும். எனக்கு மட்டும் இல்ல, அந்த தெருவுல பதினோரு தறி கீது."

கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார் தலைவர். வரி சேர்க்க வேண்டும் என்பவர்கள் தூக்குங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. ஏகாம்பரத்தின் கை மடியிலேயே கிடந்தது. தலைவர் இவரைப் பார்த்தார், மனைவி இவரைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பி, தாளை மடித்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் பெருமூச்சு விட்டு, ஸ்டாண்டில் சவாரிக்குக் கைகாட்டுவதுபோல் பாதி கையைத் தூக்கினார். பிறகு முழுக்கையும் போனது. அதைப் பார்த்து ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் நாலைந்து பேர் தூக்கினார்கள். உணர்ச்சிவசப்பட்டு என் கையும் எழுந்தது. ஏகாம்பரம் சட்டென்று பிடித்து இறக்கினார்.

"நீங்க வேணாம் சார்."

எண்ணினார்கள். நாற்பத்தொன்று. வரி சேர்ந்தது. தலைவர், "கற்பகம், நீயே ஒரு தபா படிச்சுக் காட்டிடும்மா, அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது," என்றார். அவர் படித்தார். பால் வண்டிக்காரர் உட்பட எல்லோரும் கேட்டார்கள். என் கையெழுத்தைக் குறுக்கே அடிக்கச் சொன்னார் செயலர். அடித்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம். போட்டேன், படித்துப் பார்த்துவிட்டு.

பன்னிரண்டரை மணி. வழியில்தானே வீடு என்று அழைத்துப் போனார்கள். தறியின் மிதிபலகை இருக்கும் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் போன மழையின் கறை ஒரு முழ உயரத்துக்கு. தறியில் அரக்கு நிறச் சேலை பாதி நெய்திருந்தது. மோர் கொடுத்துவிட்டுக் கற்பகம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்க வார்டு கவுன்சிலரு யாரு சார்?"

பெயர் வரவில்லை. மீசையை வர்ணித்தேன். பெரிய மீசை, ஓரத்தில் முறுக்கியிருக்கும்.

"அவுரு எங்க தலைவர் மச்சான் மாதிரி இருக்காரு," என்றார் ஏகாம்பரம். பேரத்தில் போன இருபது ரூபாய்க்குப் பழி வாங்கிவிட்ட திருப்தி அவர் முகத்தில்.

"இருக்கட்டும் சார்," என்றார் கற்பகம். "நானும் தறிக்குழில தண்ணி வந்தப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி பேப்பர்ல ராசிபலன் மட்டும்தான்."

என்னை ஆறுதல்படுத்தச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் ஆறுதலாக இருந்தது. ஊர் உலக அரசியலெல்லாம் பேசுகிறவன் தெருவைப் படிக்காமல் விட்டிருக்கிறான் என்பதை யாரும் எனக்கு இவ்வளவு மோரோடு சொன்னதில்லை.

திருப்பருத்திக்குன்றம் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. மாலைதான் திறப்பார்கள், என் பேருந்து அதற்கு முன்பே. ஏகாம்பரம் நூற்றெண்பதுக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். ஓவியங்களைப் பார்க்காமலே திரும்பினேன். வருத்தமில்லை, நன்றிதான். மேம்பாடு என்ற சொல்லை, எது மேலே, யாருக்குப் பாடு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வித்தையை இலவசமாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து ஏகாம்பரம் போனில் அழைத்தார். "மெஷினு வந்து பழைய ரோட்ட சொரண்டிக்கினு இருக்குது சார். இவ வாசப்படில நின்னு முழம் போட்டு அளந்துக்கினு இருக்கா. காண்ட்ராக்டரு என்கிட்ட வந்து, 'அம்மாவ உள்ள போகச் சொல்லுங்க'ன்றாரு. நான் சொன்னா கேப்பாளா?"

மறுநாள் காலை பால் வாங்கப் போனவன், எங்கள் வார்டு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை முன் நின்றேன். இருபது வருடமாகக் கடந்து போகும் பலகை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் சுவரில் ஒட்டியதை ஒருவன் நின்று படித்தால் அது இரங்கல் சுவரொட்டியாகத்தான் இருக்கும். எதிர்க்கடைக்காரர் கவலையோடு ஓடி வந்தார்.

"யாரு சார் தவறிட்டாங்க?"

"இன்னும் யாரும் இல்ல," என்றேன். "எங்க தெருவுக்கு மேம்பாடு வருதாம். முழுசா படிச்சுட்டுச் சொல்றேன்."

அவரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கத் தொடங்கினார்.