ஓவர்களுக்கு நடுவில்

டிவியில் டெஸ்ட் மேட்ச். ஒரு ஓவர் முடிந்ததும் திரையோரத்தில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து அறுபதை நோக்கி ஓடுகிறது. அதற்குள் அடுத்த ஓவரைத் தொடங்க வேண்டுமாம். எச்சரித்த பிறகும் தாமதித்தால் எதிரணிக்கு ரன் போய்விடும்.

அல்வாலில் எங்கள் வீட்டிலும் ஒரு விதி இருந்தது. மேட்ச் ஓடும்போது அப்பாவிடம் பேசுவதென்றால் ஓவர் முடிந்த பிறகுதான். நடுவில் வாயைத் திறந்தால் கையை உயர்த்திவிடுவார். அம்மா ஈரக் கையோடு சமையலறை வாசலில் காத்திருப்பாள். கேஸ் தீர்ந்தது, என் ஸ்கூல் மீட்டிங், எல்லாமே அந்த இடைவெளியில்தான். ஃபீல்டிங்கை மாற்றி மாற்றி நேரத்தைக் கடத்தும் கேப்டனை அப்பா திட்டுவார். அம்மாவுக்கு அவனைத்தான் பிடிக்கும்.

"பாவம், நிதானமா யோசிக்கட்டும்" என்பாள்.

ஒரு நாள் இரண்டு பக்கமும் ஸ்பின்னர்கள். ஓவர்கள் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, மார்ல ஒரு கட்டி மாதிரி..."

அப்பாவின் கை உயர்ந்தது. "இரு, போடறான்."

"ஹவ், சரி, அப்புறம் சொல்றேன்" என்று உள்ளே போனாள். அடுத்த ஓவர் முடிந்தபோது அவள் வாசலில் இல்லை. மறுபடி அதைச் சொன்னபோது மழைக்காலம் போய்க் குளிர் வந்திருந்தது. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் அப்பாவைக் கேட்டார்.

இப்போது அப்பா குகட்பள்ளியில் என்னோடு இருக்கிறார். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, சமையலறை வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்கிறார். கடிகாரம் அறுபதைத் தொடும்வரை அப்படியே இருக்கிறார்.